ராக்கம் வழியில் ஒரு தேவதைக் கதைப் படம்: பென்சிலிலிருந்து கடைசி வாஷ் வரை

பழைய தேவதைக் கதைப் புத்தகங்களில் இருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வரைய உட்காருகிறவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் பழுப்பு நிறத்தில்தான். தாள் முழுக்க ஒரு பழுப்புப் பூச்சு, அதன் மேல் முறுக்கிக்கொண்ட இரண்டு மரம், ஓரத்தில் காளான், மூலையில் மினுமினுக்கும் ஒரு தேவதை. முடித்துப் பார்த்தால் படத்தில் எல்லாமே இருக்கும், கதை மட்டும் இருக்காது.

அந்தப் படங்களின் பலம் நிறத்துக்கு அடியில் கிடக்கும் கோட்டில் இருக்கிறது. இதற்கு நல்ல சாட்சி ஆங்கில ஓவியர் ஆர்தர் ராக்கம் வரைந்த கிரிம் கதைகள். 1900இல் அந்தப் புத்தகம் முதலில் வந்தபோது அதில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்கள். அப்புறம் அவற்றில் பலவற்றைத் திருத்தி, சிலவற்றைப் புதிதாகவே வரைந்து, வண்ணம் ஏற்றி, 1909இல் 40 வண்ணப் படங்களோடு பெரிய பதிப்பாகக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ராக்கம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இந்த இரண்டாவது பதிப்புதான். ஆனால் முதல் பதிப்பைத் தேடியெடுத்துப் பாருங்கள், நிறமே இல்லாமல் அந்தப் படங்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டிருக்கும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது: முதலில் கோட்டிலேயே நிற்கிற ஒரு படம், நிறம் அதற்குப் பிறகு.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பாணிகள் ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்து அச்சு முறையோடு பின்னிக்கிடப்பவை. பிரான்சில் குஸ்தாவ் டோரே 1862இல் சார்ல் பெரோவின் கதைகளுக்கு வரைந்தபோது, படத்தை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சடிக்க வேண்டும். டோரே வரைவார், செதுக்குவதற்கு வேறு கைவினைஞர்கள் இருந்தார்கள். அவர் படங்களில் இருட்டு எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் அதற்குள் நுணுக்கமான கோடுகள் ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூன்று வண்ண ஹாஃப்டோன் முறை வந்தது. ஓவியத்தைக் கண்ணாடி வடிகட்டிகள் வழியாகப் புகைப்படம் எடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று தட்டுகளாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். வாட்டர்கலரின் மெல்லிய பூச்சுகூட ஓரளவுக்கு அப்படியே தாளில் வந்துவிடும். அதற்கு வழவழப்பான பூச்சுத்தாள் தேவை, அது கதை அச்சாகும் சாதாரணத் தாளில் நடக்காது. அதனால் வண்ணப் படங்களைத் தனியாக அச்சடித்துப் புத்தகத்துக்குள் ஓரத்தில் மட்டும் பசை வைத்து ஒட்டினார்கள், மேலே ஒரு மெல்லிய தாளைப் போட்டு மூடினார்கள். கிறிஸ்துமஸ் பரிசுக்கென்றே விலை உயர்ந்த புத்தகங்கள் வந்த காலம் அது. 1905இல் 51 வண்ணப் படங்களோடு வந்த ரிப் வான் விங்கிள் கதைப் புத்தகம்தான் ராக்கமைப் பெரிய பெயராக்கியது.

இந்தப் புதிய முறை வந்த பிறகு கறுப்புக் கோடு கட்டாயமில்லை. துலூஸில் பிறந்து 1904இல் லண்டனுக்கு வந்த எட்மண்ட் டுலாக் என்ற ஓவியர் கோட்டைப் பெரும்பாலும் பின்னால் தள்ளிவிட்டு, நிறத்தாலேயே வடிவம் கட்டினார். ராக்கம் கோட்டை விடவில்லை. பத்திரிகைகளுக்குப் பேனாவில் வரைந்து பழகிய கை அது. எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும், ஆனால் கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவருக்கு ராக்கம்தான் சரியான வாசல். டுலாக்கின் வழியில் தப்பு எங்கே நடந்தது என்றே தெரியாது, எல்லாம் ஒரே நீலத்துக்குள் கரைந்திருக்கும். கோட்டில் நடந்த தப்பு உடனே கண்ணில் படும்.

நாம் வரையப்போவது ஒரே ஒரு படம். கிரிம் சகோதரர்களின் சிவப்புத் தொப்பிச் சிறுமி, காட்டில் ஓநாயைச் சந்திக்கும் இடம்.

படி 1: முதலில் பார்த்து வரையுங்கள்

ஒரு வாரமாவது நகலெடுங்கள். முழுப் படத்தையும் நகலெடுக்க வேண்டாம், அது வெறும் பொறுமைச் சோதனையாகிவிடும். உள்ளங்கை அளவு ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு வேர்முடிச்சு, ஒரு கிழவியின் கை, ஒரு பாவாடை மடிப்பு. அதைப் பெரிதாக்கித் திரையில் வைத்து, கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எங்கே அறுந்து மறுபடி தொடங்குகிறது என்று பார்த்துப் பேனாவில் வரையுங்கள். ராக்கமின் கோடு நெடுக ஒரே தடிமனில் போவதே இல்லை என்பது இரண்டாவது நாளே புரிந்துவிடும்.

படங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ், ப்ராஜெக்ட் குட்டன்பெர்க், விக்கிமீடியா காமன்ஸ் ஆகிய இடங்களில் கிடைக்கின்றன. உரிமை பற்றி ஒரு வார்த்தை: இந்தியாவில் படைப்பாளி இறந்த பிறகு 60 ஆண்டு, பிரிட்டனில் 70 ஆண்டு. ராக்கம் இறந்தது 1939இல், டுலாக் 1953இல், இரண்டு பேருடைய படங்களும் இரு நாட்டிலும் இப்போது பொதுச்சொத்து. டென்மார்க் ஓவியர் காய் நீல்சன் இறந்தது 1957இல், இந்தியாவில் காலம் முடிந்துவிட்டது, பிரிட்டனில் 2027 கடைசி வரை இருக்கிறது. வீட்டில் பயிற்சிக்கு வரைவதற்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை. நகலை அச்சடித்து விற்க நினைத்தால் மட்டும் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

படி 2: கதையைப் படித்து, நொடியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாருக்கும் தெரிந்த கதைதானே என்று படிக்காமல் வரைய உட்காராதீர்கள். நமக்குத் தெரிந்தது கதைச் சுருக்கம். கிரிம் பதிப்பைப் பொறுமையாகப் படித்தால் ஒரு ஓவியருக்குத் தேவையானதெல்லாம் அங்கேயே கிடக்கிறது. தொப்பி வெல்வெட்டில் தைத்தது. சிறுமி எடுத்துப்போவது கேக்கும் ஒரு பாட்டில் ஒயினும். பாட்டி வீடு கிராமத்திலிருந்து அரை மணி நேர நடையில், காட்டுக்குள், மூன்று பெரிய ஓக் மரங்களுக்கு அடியில், கீழே ஹேசல் புதர் வேலியோடு இருக்கிறது. ஓநாய் அந்தப் பெண்ணைப் பூக்கள் பக்கம் திருப்பிவிடும்போது, மரங்களுக்கிடையே வெயில் கதிர்கள் ஆடிக்கொண்டிருப்பதை அவள் பார்க்கிறாள். இன்னொன்றும் உண்டு, ஓநாயைப் பார்த்து அவள் பயப்படுவதில்லை. அது எப்பேர்ப்பட்ட பொல்லாத மிருகம் என்று அவளுக்குத் தெரியாது என்று கதையே சொல்கிறது.

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். காடு என்றதும் இருட்டு, ஓநாய் என்றதும் பல்லைக் காட்டும் வாய், சிறுமி என்றதும் கன்னத்தில் கை வைத்து அலறும் முகம். கதை சொல்வது இதற்கு நேர் எதிர்: பகல் வெளிச்சம், மரியாதையாகப் பேசும் ஓநாய், பயம் தெரியாத பெண். பயப்பட வேண்டிய ஆள் படத்தைப் பார்க்கிறவர் மட்டும்தான், ஏனென்றால் முடிவு அவருக்குத் தெரியும்.

டோரே இந்த ஒரு கதைக்கே இரண்டு இடங்களில் இதைச் செய்து காட்டியிருக்கிறார். காட்டில் சந்திக்கும் படத்தில் ஓநாயின் முகம் நமக்குச் சரியாகத் தெரியாதபடி பெரிய உடம்பைத்தான் காட்டுகிறார், சிறுமி அதை நிமிர்ந்து பார்க்கிறாள். கட்டில் படத்தில் பாட்டியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓநாய் படுத்திருக்கிறது, அவள் போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அதைப் பார்க்கிறாள். இரண்டிலும் எதுவும் நடக்கவில்லை. அடுத்த நொடி நடக்கும். பாய்வதையும் கடிப்பதையும் வரைந்தால் பார்வையாளருக்கு மிச்சம் வைக்க ஒன்றும் இருக்காது.

ஆக, ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இந்த நொடியில் சிறுமிக்கு என்ன தெரியும், ஓநாய்க்கு என்ன தெரியும். படத்தில் வரும் ஒவ்வொரு பொருளும் இந்த இரண்டு வரிக்கு ஏதாவது செய்ய வேண்டும். செய்யாத காளானை எடுத்துவிடுங்கள்.

படி 3: சின்னச் சின்ன அமைப்புகள்

தீப்பெட்டி அளவில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அமைப்பு கிறுக்குங்கள். முகம், விரல் எதுவும் வேண்டாம். மரம் ஒரு கட்டை, ஓநாய் ஒரு வளைவு, சிறுமி ஒரு முக்கோணம். அவ்வளவுதான்.

யோசிக்க வேண்டியது மூன்று விஷயம். முதலாவது கண்மட்டம். அடிவானத்தை நன்றாகக் கீழே இறக்கி, சிறுமியின் இடுப்பு உயரத்தில் வைத்துப் பாருங்கள், மரங்கள் தானாகவே பூதாகரமாகிவிடும். ராக்கமின் காடுகளில் மரத்தின் உச்சி பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே போய்விடும், அடிமரமும் வேரும் மட்டும்தான் நமக்கு. இரண்டாவது, அளவு வித்தியாசம். சிறுமி படத்தின் உயரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். முகபாவம் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அவளைப் பெரிதாக்கினால் காடு வெறும் திரைச்சீலையாகிவிடும். மூன்றாவது, வெளிச்சத்தின் கணக்கு. இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்றே மூன்று தொனிகளில் முழுப் படத்தையும் பிரியுங்கள். நான் போடும் கணக்கு இது: முன்னால் இடது ஓரத்தில் ஒரு பெரிய ஓக் அடிமரம், முழு இருட்டு. ஓநாய் அந்த இருட்டிலிருந்து பாதி வெளியே வந்து நிற்கிறது, நடுத்தரம். சிறுமி மரங்களுக்கிடையே தெரியும் வெளிச்ச இடைவெளிக்கு முன்னால். ஓநாய் எந்தப் பக்கத்து ஆள் என்பதை இந்தத் தொனியே சொல்லிவிடுகிறது, அதற்குக் கோரைப்பல் தேவையில்லை.

தேர்ந்தெடுத்த கட்டத்தில் உருவங்களை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். வெறும் நிழலுருவிலேயே இது சிறுமி, இது ஓநாய், இது கூடை என்று தெரிந்தால் அமைப்பு சரி. தெரியாவிட்டால் கூடையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடிக்கவையுங்கள், ஓநாயின் தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். ராக்கம் 1919இல் சிண்ட்ரெல்லாவையும் அடுத்த வருடம் உறங்கும் அழகியையும் ஏறக்குறைய முழுக்க நிழலுருவங்களாகவே செய்திருக்கிறார். கழுத்தின் சாய்விலும் விரல் நீளும் விதத்திலும் ஒரு ஆளின் குணத்தை எவ்வளவு தூரம் சொல்லமுடியும் என்பதற்கு அந்த இரண்டு புத்தகங்களும் போதும்.

படி 4: தகவல் சேர்த்தல்

மாயக் கதைதானே, எப்படி வரைந்தால் என்ன என்று கேட்கலாம். மாயக் கதையில்தான் கூடை கூடையாக இருக்க வேண்டும். பேசும் ஓநாயை நம்பவைக்க வேண்டுமென்றால் அது நிற்கும் மண்ணும், பக்கத்தில் இருக்கும் வேரும், பெண்ணின் செருப்பும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். ரஷ்யாவின் இவான் பிலிபின் 1902க்கும் 1904க்கும் இடையில் வோலக்டா, ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கத்து வடக்குக் கிராமங்களுக்குப் போய் மரவீடுகள், தேவாலயங்கள், துணி வேலைப்பாடுகள் எல்லாவற்றையும் வரைந்தும் படம் பிடித்தும் சேர்த்தார். அந்தச் சேமிப்பு அதற்குப் பிறகு அவர் செய்ததிலெல்லாம் தெரிகிறது.

நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டாம், ஆனால் நம் கையின் பழக்கத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் ஆட்களுக்குப் பெரிய பழைய மரம் என்றாலே கை தானாக ஆலமரத்துக்குப் போய்விடும், விழுது தொங்கும், வேர் தரைமேல் சுவர் மாதிரி எழும். ஓக் அப்படி இல்லை. அடிமரம் குட்டை, பருமன், பட்டை செங்குத்தாக ஆழமாக வெடித்திருக்கும், கிளைகள் முழங்கை மடிந்த மாதிரி திடீர் திடீரென்று திரும்பும், இலையின் ஓரம் வட்ட வட்டமாக மடல் வெட்டியிருக்கும். ஹேசல் என்பது அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளம்பும் புதர்.

ஓநாயும் அதே கதைதான். இங்கே மிருகக்காட்சிசாலையில் பார்க்கும் இந்திய ஓநாய் உருவத்தில் சிறியது, முடி குட்டை, ஒல்லி. அதைப் பார்த்து வரைந்தால் ஐரோப்பியக் காட்டு ஓநாய் வராது. அதற்குக் கழுத்தைச் சுற்றி அடர்ந்த முடி, நீளக் கால், ஒடுங்கிய மார்பு, உடம்புக்குப் பெரிதாகத் தெரியும் பாதம், நேராகக் கீழே தொங்கும் வால். நாயிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது இந்தக் காலும் மார்பும்தான். இரண்டு காலில் நிற்கவைத்து மேல்கோட்டு மாட்டிவிடும் மரபும் உண்டு, எனக்கு இந்த நொடிக்கு அது ஒத்துவரவில்லை. நாலு காலில் நிற்கும் நிஜ ஓநாய் மரியாதையாகத் தலை சாய்த்து விசாரிப்பதுதான் கிலி கொடுக்கிறது.

படி 5: தாளும் பென்சிலும்

வழவழப்பான ஹாட் பிரஸ் வாட்டர்கலர் தாள், 300 ஜிஎஸ்எம். பருத்தித் தாளாக இருந்தால் இன்னும் நல்லது. கோல்டு பிரஸ் தாளின் சொரசொரப்பில் நிப் தடுக்கும், மை தெறிக்கும். 28க்கு 38 சென்டிமீட்டர் ஒரு நல்ல அளவு, சுற்றிலும் மூன்று சென்டிமீட்டர் விட்டுவிட்டு உள்ளே படம்.

முழு அளவுப் பென்சில் வரைவை வேறு சாதாரணத் தாளில் செய்து முடியுங்கள். அழிப்பதும் திருத்துவதும் அங்கேயே நடக்கட்டும், நல்ல தாளை ரப்பரால் தேய்த்தால் மேற்பரப்பு உரிந்து, வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய நிறப் பூச்சு) அடிக்கும்போது அந்த இடம் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். வரைவு தயாரானதும் லைட் பாக்ஸில் (அடியில் விளக்கு எரியும் பெட்டி) வைத்து மெலிதாக ஏற்றுங்கள். லைட் பாக்ஸ் இல்லையென்றால் பகலில் ஜன்னல் கண்ணாடி போதும், இல்லாவிட்டால் டிரேசிங் பேப்பரின் பின்பக்கம் பென்சில் தேய்த்து அழுத்தி எடுக்கலாம். பிலிபினும் வரைவை டிரேசிங் தாள் வழியாகத்தான் நல்ல தாளுக்கு மாற்றினார், அதனால் இதைக் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

ஏற்றும்போது எல்லா விவரத்தையும் ஏற்றாதீர்கள். மரப்பட்டையின் ஒவ்வொரு வெடிப்பையும் பென்சிலில் போட்டுவிட்டால் அப்புறம் பேனா அதன்மேல் ஊர்ந்து போகும், கோட்டில் உயிர் இருக்காது. உருவங்களின் விளிம்பு, முகம், கை, முக்கியமான வேர்கள், இவ்வளவு போதும். மிச்சத்தைப் பேனாவே கண்டுபிடிக்கட்டும்.

படி 6: மை

படத்தின் பாதி உயிர் இங்கே இருக்கிறது, அதனால் நேரத்தையும் இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

வேண்டியது ஒரு நிப் பேனா, தண்ணீரில் கரையாத இந்தியன் இங்க். நிப்பில் கில்லட் 303 மாதிரி வளைந்துகொடுக்கும் மெல்லியது ஒன்று, நிக்கோ ஜி மாதிரி கொஞ்சம் கெட்டியானது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புது நிப்பில் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும், அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் மை ஒட்டாமல் உருண்டு விழும். பவுண்டன் பேனா மை பெரும்பாலும் வாஷ் அடித்ததும் கரைந்து ஓடிவிடும். அதற்காக இந்தியன் இங்கைப் பவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், பேனா அடைத்துக்கொண்டு அதோடு சரி. முக்கியமாக, அதே தாளின் ஒரு துண்டில் கோடு போட்டு, காயவைத்து, மேலே தண்ணீர் பிரஷ் ஓட்டிச் சோதித்த பிறகுதான் படத்தில் கை வைக்க வேண்டும். மழைக்காலத்தில் சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் மை காய இன்னும் நேரம் பிடிக்கும். ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

வரிசை: முகமும் கையும் முதலில். மனம் புதிதாக இருக்கும்போது அவற்றை முடித்துவிட வேண்டும், கெட்டுப்போனால் தாளை மாற்றவும் அப்போதுதான் மனம் வரும். சிறுமியின் முகத்துக்கு மிகக் குறைந்த கோடுகள். மூக்குக்கு ஒரு நிழல், வாய்க்கு ஒரு கோடு, கீழ் உதட்டின் அடியில் ஒரு புள்ளி. குழந்தை முகத்தில் ஒரு கோடு கூடினாலும் பத்து வயது கூடிவிடும். அப்புறம் ஓநாய். முடியை ஒவ்வொன்றாக வரையாமல், கழுத்து, தோள், வயிற்றடி, தொடையின் பின்பக்கம் ஆகிய இடங்களில் மட்டும் முடி போகும் திசையில் கொத்துக் கொத்தாகக் கோடு விட்டு, முதுகின் வெளிச்சப் பகுதியை வெறுமையாக விடுங்கள். கண் அதை நிரப்பிக்கொள்ளும்.

மரத்துக்கு வரும்போது கை மாற வேண்டும். பேனாவைத் தோளிலிருந்து ஓட்டுங்கள், நடுங்கினால் நடுங்கட்டும், ஒரு வேரைத் தொடங்கினால் அது மண்ணுக்குள் போகும்வரை தொடருங்கள். அடிப்பக்கத்திலும் மடிப்பிலும் அழுத்தம், மேலே வெளிச்சம் படும் பக்கத்தில் லேசு, சில இடத்தில் கோட்டையே விட்டுவிடலாம். கோடு வடிவத்தைச் சுற்றி ஓட வேண்டும், அதாவது கிளை உருண்டை என்றால் அதன்மேல் போடும் நிழல் கோடுகளும் வளைந்து போக வேண்டும், நேராகப் போட்டால் கிளை தட்டையாகிவிடும். தூரத்து மரங்களுக்கு மையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சாம்பல் கோடாகப் போடுங்கள், நிறம் ஏற்றுவதற்கு முன்பே காட்டுக்கு ஆழம் வந்துவிடும்.

மரத்தில் முகம் வைக்கலாமா? ராக்கம் என்றாலே அதுதான் என்று எல்லாரும் எல்லா மரத்திலும் மூக்கும் வாயும் செதுக்குகிறார்கள். இந்தப் படத்துக்கு வேண்டாம் என்பேன். இது ஓநாய் பேசும் கதை, மரம் பேசும் கதை இல்லை. ஆசை அடங்கவில்லையென்றால், முன்னால் நிற்கும் அடிமரத்தின் ஒரு முடிச்சு கண்ணாக இருக்கலாமோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஒன்றே ஒன்று.

மை முழுக்கக் காய்ந்ததும் பென்சிலை மெதுவான ரப்பரால் ஒற்றி எடுங்கள். இப்போது படத்தை எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்துத் தள்ளி நின்று பாருங்கள். கதை புரிகிறதா, கண் முதலில் எங்கே போகிறது? ஓநாய்க்கும் சிறுமிக்கும் நடுவில் இருக்கும் காலி இடத்துக்குப் போனால் நன்றாக வந்திருக்கிறது. போகவில்லையென்றால் வாஷ் அடித்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், புதுத் தாளில் மறுபடி மை போடுவது நல்லது. வரைவு பத்திரமாக இருப்பதால் அது ஒரு நாள் வேலைதான்.

படி 7: வாஷ்

ராக்கமின் நிறம் ஒரே அடியில் வந்ததல்ல, மெல்லிய வாட்டர்கலர் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஏற்றி வந்தது. நாமும் அப்படியே போவோம். நாலைந்து நிறம் போதும்: ரா அம்பர், எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, இண்டிகோ, ஒரு நல்ல சிவப்பு. தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிப் பலகையில் நிறுத்துங்கள்.

முதல் பூச்சு, ரா அம்பரும் கொஞ்சம் ஆக்கரும், பால் விடாத டீத்தண்ணி நிறத்துக்கு. மரங்களுக்கிடையே வெளிச்சம் வரும் இடைவெளியையும் சிறுமியின் முகத்தையும் தவிர எல்லா இடத்திலும். காயட்டும். நன்றாகக் காயட்டும், கையின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருக்கக் கூடாது. பாதி காய்ந்த பூச்சின் மேல் அடுத்ததை ஏற்றினால் அழுக்குத் திட்டு விழும், அதை எடுக்கவே முடியாது.

அப்புறம் தூரம்: இண்டிகோவில் ஒரு துளி அம்பர் கலந்து மங்கிய நீலச் சாம்பல், பின்னால் இருக்கும் மரங்களுக்கு. முன்னால் வர வர நிறம் சூடாக வேண்டும், நடு மரங்களுக்கு அம்பர், முன் மரத்துக்கு சியன்னாவும் இண்டிகோவும் சேர்ந்த கறுத்த பழுப்பு. ஓநாய்க்கு இந்தக் கறுத்த பழுப்பையே தண்ணீர் கூட்டிப் பயன்படுத்துங்கள், காட்டின் நிறத்திலேயே அது செய்யப்பட்டிருக்கட்டும். ஒவ்வொரு பூச்சும் முந்தியதைவிடக் குறைந்த பரப்பில், கொஞ்சம் கூடுதல் அடர்த்தியில். ஐந்தாறு பூச்சில் தொனி வந்துவிடும். வெயில் கதிர்களுக்குச் சுத்தமான ஈர பிரஷால் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றி நிறத்தை எடுங்கள். வெள்ளை குவாஷால் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி வண்ணம்) கதிர் வரைந்தால் அது சாக்பீஸ் கோடாகத்தான் தெரியும்.

கடைசியில் சிவப்பு. முழுப் படத்திலும் சிவப்பு இருக்கும் ஒரே இடம் அந்தத் தொப்பி. கன்னத்துக்கு அதன் சாயல் ஒரு துளி, அவ்வளவுதான், கூடையில் சிவப்பு ஆப்பிள், தரையில் சிவப்புக் காளான் எதுவும் கூடாது. சுற்றியிருக்கும் எல்லாமே அடங்கியிருப்பதால் சுமாரான சிவப்புகூட அங்கே எரியும். அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுத்துப்போகிற நிறம், பெர்மனென்ட் என்று போட்டிருக்கும் வகையோ பைரோல் சிவப்போ வாங்குங்கள். வெல்வெட் என்பதால் மடிப்பின் உச்சியில் பளபளப்பு வைக்காதீர்கள், ஓரங்களில்தான் அந்தத் துணி வெளிறித் தெரியும்.

வாஷில் முங்கிப்போன கோடுகளை மட்டும் மறுபடி பேனாவால் எடுத்துக்கொடுங்கள். எல்லாவற்றையும் இல்லை.

வேறு வழியில் போக விரும்பினால்

பிலிபின் வழி இதற்கு நேர் மாறு. நுனி வெட்டிய கோலின்ஸ்கி (விலங்கு முடியில் செய்த மெல்லிய) பிரஷால் ஒரே சீரான, கம்பி மாதிரி விளிம்புக்கோடு, அதற்குள் ஏற்ற இறக்கமில்லாத தட்டையான நிறங்கள், சுற்றிலும் கதையோடு சம்பந்தப்பட்ட சட்டகம். ரஷ்யக் கதையின் நாயகி வசிலிசா மண்டையோட்டு விளக்கைக் கோலில் தூக்கிக்கொண்டு சூனியக்காரி பாபா யாகாவின் குடிசையிலிருந்து கிளம்பும் படத்தைப் பாருங்கள். அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த, வேதாளத்தைத் தோளில் சுமந்து கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தெளிவான விளிம்பு புதிதாக இருக்காது. டிஜிட்டலில் வரைபவர்களுக்கும் இதுதான் வசதி.

காய் நீல்சன் வழி இன்னும் கடினம். 1914இல் அவர் நார்வே நாட்டுக் கதைகளுக்கு வரைந்த படங்களில் பக்கத்தின் பாதி வெறும் வானமாக இருக்கும், உருவங்கள் மெழுகுவர்த்தி மாதிரி நீண்டு ஒல்லியாக இருக்கும். ஜப்பானிய மர அச்சுப் படங்களின் சாயல் பளிச்சென்று தெரியும். காலி இடத்தை விட்டுவைக்கும் தைரியம் வந்த பிறகு முயலுங்கள்.

படி 8: ஸ்கேனும் அச்சும்

பலகையிலிருந்து எடுக்கும் முன் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். மொபைலில் எடுத்த புகைப்படம் கோட்டின் நுனிகளைத் தின்றுவிடும். ஸ்கேனர்கள் மெல்லிய பூச்சுகளை வெள்ளை என்று எண்ணி வெளுக்கவைக்கும், அதனால் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லெவல்ஸை (படத்தின் இருட்டு வெளிச்சத்தை மாற்றும் வசதி) நீங்களே இழுங்கள். அந்த டீத்தண்ணிப் பூச்சு திரையில் மஞ்சளடித்துத் தெரிந்தால் மஞ்சளைத்தான் குறைக்க வேண்டும், மொத்த வெளிச்சத்தைக் கூட்டினால் ஓநாய் சாயம் போய்விடும்.

பிறகு, புத்தகத்தில் எந்த அளவில் வரப்போகிறதோ அந்த அளவுக்குச் சுருக்கி, சாதாரண மேட் தாளில் ஒரு பிரிண்ட் எடுங்கள். முன் மரத்தின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புக் கட்டியாகியிருந்தால் சுருக்கத்துக்கு அதிகமாக நெருக்கி வரைந்திருக்கிறீர்கள் என்று பொருள். அடுத்த படத்தை அச்சு அளவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக்காமல், நிழல் கோடுகளுக்கு நடுவே கோட்டின் தடிமன் அளவாவது வெள்ளை விட்டு வரையுங்கள்.